அலுவல் சார்ந்த கோளாறு

அரைப் பக்கம் அடித்த பிறகுதான் அவள் தற்செயலாக நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். கடல் நிலவரம் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகக் கிடந்தது. யாரோ கைக்கு வந்ததை வாரி இறைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ‘காற்று’ என்று மட்டும் நிதானமாக அடித்தாள். நாலைந்து ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. மறுபடி அடித்தாள். அதே எழுத்துகள், அதே வரிசை.

"சார், தமிழ் வரமாட்டேங்குது."

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்து வந்தார். "சனிக்கிழமை வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"அப்ப எங்க போச்சு?" கேட்டுவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். தமிழ் அங்கே விழுந்து கிடக்கவில்லை.

துறைமுகத்தை ஒட்டிய சின்ன வானிலை அலுவலகம் அது. தினமும் காலை பத்து மணிக்குள்ளும் மறுபடி மாலையிலும் கடல் நிலவரத்தைத் தமிழில் அடித்து வானொலிக்கு அனுப்பியாக வேண்டும். அடிப்பவள் அவள்தான். அலுவலகத்தில் அவளுக்கு டக்டக் என்று பெயர். கண் காகிதத்தில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும், அறைக்கு வெளியே நிற்கிறவருக்கு ஆலங்கட்டி மழை பெய்வதுபோல் கேட்கும். இப்படிப்பட்டவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கண்காணிப்பாளருக்கே பொறுக்கவில்லை.

"இந்தக் கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டுக் கொடுத்தது யாரு?"

அவள் மெதுவாக, "எங்க வீட்டுக்காரர் சார்" என்றாள்.

"அட, நம்ம திருப்புளி. அப்ப அவரையே கேளுங்க."

"அவர் தீவுல இருக்கார் சார்."

"தெரியும்மா. அங்க லைன் இருக்குல்ல? இது ஆபீஸ் கம்ப்யூட்டர், ஆபீஸ் கோளாறு. தாராளமா கேக்கலாம்."

தாராளமா என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கண் ஃபோன் பக்கம் போயிற்று. அவள் கணவர் கருவி மெக்கானிக். எந்நேரமும் சட்டைப்பையில் திருகாணி முடுக்கும் திருப்புளி ஒன்று செருகியிருப்பதால் அந்தப் பெயர். கடல் நடுவில் ஒரு தீவில் இருக்கும் வானிலை நிலையத்துக்கு அவரை ஆறு மாத வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். போய் ஐந்து மாதம் இருபத்து மூன்று நாள். இதில் ஒருநாள்கூட அவள் அவர் குரலைக் கேட்டதில்லை.

அந்தத் தீவில் கைபேசி எடுக்காது. கரைக்கும் தீவுக்கும் இருப்பது ஒரே ஒரு ஃபோன் லைன். அதில் அலுவல் சார்ந்த பேச்சு மட்டும்தான் பேசலாம் என்பது விதி. முன்பு அங்கே வேலைக்குப் போன ஒருவர், பிறந்து நாற்பது நாள் ஆன தன் குழந்தைக்கு அந்த லைனில் தாலாட்டுப் பாடிவிட்டார். ‘மேற்படி தாலாட்டு எவ்வகையில் அலுவல் சார்ந்தது என்பதை மூன்று நாட்களுக்குள் விளக்கவும்’ என்று மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. பக்கத்தில் இருந்தும் தடுக்காத குற்றத்துக்காகத் தீவின் நிலைய அதிகாரிக்கும் ஒரு மெமோ. சூடு கண்ட பூனையாகிவிட்ட அந்த அதிகாரி, அன்றிலிருந்து யார் பேசினாலும் இன்னொரு ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பேச்சு கொஞ்சம் வழி மாறினாலும் வெட்டிவிடுவார். அவருக்குக் கத்திரி என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள்.

கண்காணிப்பாளரின் மேசையில் இருந்த ஃபோனை நீள ஒயரோடு தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு டக்டக் எண்ணைச் சுழற்றினாள். எடுத்தது கத்திரிதான்.

"அலுவல் சார்ந்ததா?"

"ஆமா சார். கீபோர்ட் கோளாறு. பத்து மணிக்கு நிலவரம் போகணும்."

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அந்தக் குரல் வந்தது.

"வணக்கம் மேடம். சொல்லுங்க."

ஆறு வருடம் குடித்தனம் பண்ணிய மனிதர் மேடம் என்கிறார். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "வணக்கம் சார்" என்றாள்.

"என்ன பிரச்சனை மேடம்?"

என்ன பிரச்சனையா? குளியலறைக் குழாய் நாலு மாதமாகச் சொட்டுகிறது. வாசல் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் விழுகிறது. கட்டிலில் அவர் பக்கம் காலியாகவே இருக்கிறது. இவள் உருண்டுகூட அந்தப் பக்கம் போவதில்லை. இதில் எதுவும் அலுவல் சார்ந்ததல்ல.

"கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா தமிழ் வரல சார்."

"சரி. செட்டிங்ஸ் போங்க. கீபோர்டுன்னு இருக்கா? அதுல லேஅவுட். பட்டியல்ல என்னென்ன இருக்கு?"

"இங்கிலீஷ் மட்டும்தான் இருக்கு."

"கூட்டல் குறியைத் தட்டித் தமிழைச் சேருங்க. சேத்தாச்சா? அடிச்சுப் பாருங்க."

‘காற்று’ என்று அடித்தாள். காற்று வந்தது. நாலே நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவு கெட்டிக்காரராக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"சாப்பிட்டீங்களா மேடம்?"

லைனில் கத்திரி இருமினார். "அது அலுவலா?"

"பசியோட அடிச்சா பிழை வரும் சார்" என்றார் திருப்புளி.

"வேலை முடிஞ்சுதுல்ல? நாளைக்கும் ஆன் பண்ணிப் பாத்துட்டுச் சொல்லுங்கம்மா." லைன் வெட்டப்பட்டது.

ரிசீவரை வைத்த பிறகுதான் அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தீவுக்குப் படகு போகிறது. பத்தரை மணிக்கு அது அங்கிருந்து திரும்பும்போது ஒரு படிவமும் வரும். இன்னும் ஆறு மாதம் அங்கேயே இருக்கிறேன் என்று திருப்புளி அதில் கையெழுத்துப் போட்டால் பதவி உயர்வு. வேண்டாம் என்று எழுதினால் அதே படகில் வீட்டுக்கு வந்துவிடலாம். ரெண்டு பேரும் கலந்து பேசித்தான் முடிவெடுப்பது என்று போகும்போதே சொல்லிவிட்டுப் போனவர்தான். கலந்து பேசவும் செய்தார்கள், கடிதத்தில். போன படகில் அவள் ‘உங்க இஷ்டம்’ என்று எழுதி அனுப்பினாள். அதே படகு திரும்பி வரும்போது அவருடைய கடிதம் வந்தது: ‘உன் இஷ்டம்.’ மீதி ஒன்றரைப் பக்கம் காற்றுமானியின் அச்சு தேய்ந்துபோனதைப் பற்றி இருந்தது.

அவள் இஷ்டம் என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் வர வேண்டும். பதவி உயர்வும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இதை எழுதினால் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்றவள் ஆகிவிடுவோமோ என்று பயந்துதான் உங்க இஷ்டம் என்று எழுதித் தொலைத்தாள். இந்த வெள்ளிக்கிழமைப் படகுக்கான தபால் பையைச் சனிக்கிழமையே கட்டிவிட்டார்கள், இனி எழுதினால் அடுத்த படகில்தான் போகும். குரல்தான் போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டாள். தமிழ் இல்லை. பட்டியலில் இங்கிலீஷ் மட்டும் ஒண்டிக்கட்டையாக நின்றது. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கண்காணிப்பாளர் வேறுமாதிரி புரிந்துகொண்டார்.

"சரியாயிடுச்சா?"

"இல்ல சார். மறுபடியும் போயிடுச்சு."

"அதுக்கு ஏன்மா சிரிக்கிறீங்க?"

தீவில் திருப்புளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்படி ஆகாதே மேடம். சேத்தது நிக்கணுமே. யாராவது தொட்டாங்களா?"

"இந்தக் கம்ப்யூட்டரை நான் ஒருத்திதான் சார் தொடுறேன்."

அது முழு உண்மையல்ல. காற்று, அலை, மழை அளவுகளைத் தீவிலிருந்து கத்திரியே தினமும் சாயங்காலம் இந்தக் கம்ப்யூட்டருக்குள் நேராக ஏற்றிவிடுவார். ஆனால் அது வெறும் எண்கள், அதற்கும் கீபோர்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் விட்டுவிட்டாள். அங்கே அளவுகளை ஏற்றும் கத்திரியின் மேசையைத் தொடும் உரிமை மெக்கானிக்குக் கிடையாது. இல்லாவிட்டால் அவர் அங்கிருந்தே சரிசெய்துவிட்டு ஃபோனுக்கே வேலை வைத்திருக்கமாட்டார்.

"ஸ்டார்ட்அப்ல ஒரு வரி எழுதிடுவோம். கம்ப்யூட்டர் எழுந்திரிக்கும்போதே கீபோர்டைத் தமிழுக்கு மாத்தச் சொல்லி. நான் எழுத்துக்கூட்டிச் சொல்றேன்."

சொன்னார். அடித்தாள்.

"இப்ப ரீஸ்டார்ட் பண்ணுங்க. லைன்லயே இருக்கேன்."

அது கிழட்டுக் கம்ப்யூட்டர். படுத்து எழுந்திருக்க மூன்று நிமிடம் பிடிக்கும். அந்த மூன்று நிமிடமும் பேச ஒன்றுமில்லை. திரை கறுப்பாக இருந்தது. அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. லேசாகச் சளி பிடித்திருக்கிறது. பின்னால் எங்கோ அலைச் சத்தம். இவள் மூச்சும் அங்கே கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் ஒருமுறை அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கவனித்தார். மௌனம் அலுவல் சார்ந்ததா இல்லையா என்று விதியில் எதுவும் இல்லை. கத்திரியும் இருமவில்லை. ஐந்து மாதம் இருபத்து நாலு நாளில் அவளுக்குக் கிடைத்த நல்ல பொழுது அந்த மூன்று நிமிடம்தான்.

"வந்துடுச்சு சார்" என்றாள் கடைசியில், மனசில்லாமல்.

தமிழ் வந்திருந்தது. அளவுக்கு மீறியே வந்திருந்தது. கடல் நிலவரத்தை அடித்து அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பினால், திரை பூட்டிக்கொண்டு பாஸ்வேர்ட் கேட்டது. பாஸ்வேர்ட் ஆங்கில எழுத்தில் இருந்தது. கீபோர்டோ தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று சாதித்தது. இதற்காக மதியம் இன்னொரு முறை தீவுக்குப் பேச வேண்டியதாயிற்று. ஒரே நாளில் இரண்டு தடவை.

"இங்கிலீஷையும் சேத்தே எழுதியிருக்கணும் மேடம். என் தப்பு."

"பரவாயில்ல சார். நிதானமாவே சரிபண்ணுங்க."

புதன்கிழமை கீபோர்ட் புதிய அவதாரம் எடுத்தது. தமிழும் வந்தது, ஆங்கிலமும் வந்தது, எண்கள் வரவில்லை. எண் விசைகளுக்கான ‘நம் லாக்’ விளக்கு அணைந்திருந்ததை டக்டக் கவனிக்கவில்லை. திரையைப் பார்க்கும் பழக்கம்தான் அவளுக்கு இல்லையே. கண்காணிப்பாளரும் வானொலிக்கு அனுப்பிவிட்டுத்தான் சத்தமாக வாசித்துப் பார்த்தார்.

"காற்று மணிக்கு கிலோமீட்டர் வேகத்தில் வீசும். அலைகள் மீட்டர் உயரம் எழும்பும்." அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "எத்தனை கிலோமீட்டர்மா?"

அதையே கேட்டு மீனவர் சங்கத்திலிருந்து நாலு ஃபோன் வந்தது. ஐந்தாவதாகப் பேசியவர், "உங்களுக்கே தெரியலன்னா தெரியலன்னு போடுங்க, தப்பா நெனைக்கமாட்டோம்" என்றார்.

திருப்புளி அன்று நம் லாக்குக்கு ஒரு வரி எழுதவைத்தார். அந்த வரி முந்திக்கொண்டு முதல் வரியைக் கெடுத்தது. இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருக்க, பத்து விநாடி காத்திருக்கச் சொல்லி மூன்றாவதாக ஒரு வரி. கம்ப்யூட்டர் காத்திருந்தது, டக்டக்கின் விரல் காத்திருக்கவில்லை. முதல் நாலு வரி ஆங்கிலக் குப்பையாகவும் ஐந்தாவது வரி தமிழாகவும் வந்தது.

அடுத்த ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருந்தபோது அவள் துணிந்துவிட்டாள். நேராகச் சொல்ல முடியாது, ஜாடையாகச் சொல்லலாம்.

"சார், ஒண்ணு கேக்கணும். ஆறு மாசம் ஆகப்போகுது. இதுக்கு மேல தாங்காதுன்னு தோணுது."

"கீபோர்டா? அது பத்து வருஷம் தாங்கும் மேடம்."

"அதில்ல சார். எல்லாம் பழையபடி இருந்தா நல்லா இருக்கும்னு..."

"பழைய செட்டிங்ஸுக்கா? அதுக்குப் போனா எல்லாம் அழிஞ்சுடும். வேணாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு தெரியணும் சார்."

"அதுக்குள்ள முடிச்சுடலாம் மேடம். கவலையே படாதீங்க."

மரமண்டை என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. இந்த மரமண்டையைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றும் தோன்றியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமென்று கைக்கு அகப்பட்டதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அகப்பட்டது ஷிஃப்ட் விசை. அதை எட்டு விநாடி விடாமல் அழுத்தினால், கை நடுங்குகிற யாரோ உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு கம்ப்யூட்டர் கீபோர்டை மெதுவாக்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. அதன் பிறகு எந்த விசையை அடித்தாலும், ஒரு நொடி அழுத்திக்கொண்டே இருந்தால்தான் எழுத்து விழுந்தது. டக்டக் என்று பேர் வாங்கியவள் அன்று மாலைவரை டக், டக் என்று ஒவ்வொன்றாக அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள். மாலை நிலவரம் அடித்து முடிக்க இருட்டிவிட்டது.

வியாழக்கிழமை பிரச்சனை புதிது ஒன்றுமில்லை, பழையதேதான். தமிழ் காணோம், நம் லாக் காணோம், எழுதிவைத்த மூன்று வரியும் காணோம். கண்காணிப்பாளர் பொறுமை இழந்துவிட்டார்.

"நாளைக்கும் இப்படியே இருந்துச்சுன்னா இந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுட்டு வேற கம்ப்யூட்டர் கேட்டு எழுதிடுவேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

அவள் சொன்னாள். லைனில் திருப்புளிக்கு மறுபடி ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் தொட்டுச் சரியாகாத பொருள்னு ஒண்ணு கிடையாது மேடம். இது என் பேருக்கே இழுக்கு. இன்னைக்கு ஒரேயடியா முடிச்சுடலாம். மூணு வரியையும் மறுபடி எழுதி, அந்த ஃபைலுக்கே பூட்டுப் போட்டுடுவோம். அப்புறம் பிரம்மாவே வந்தாலும் மாத்த முடியாது."

கத்திரி குறுக்கிட்டார். "அவ்வளவு தூரம் போகணுமா? சாதாரணமா சரிபண்ணாப் போதாதா?"

"போதாது சார். நாலு நாளா மானம் போகுது."

"இன்னைக்கு மட்டும் ஓட்டிக்கிட்டு, நாளைக்கு நிதானமா..."

"வேணாம் சார். வேலைன்னா அது முழுசா இருக்கணும்."

இவ்வளவு கண்டிப்பான அதிகாரிக்கும்கூட வேலையில் அரைகுறை பரவாயில்லையா என்று அவளுக்குக் கோபம் வந்தது. பிறகுதான் தான் எந்தக் கட்சி என்று யோசித்தாள். பூட்டு விழுந்தால் நாளைக்குக் கோளாறு இருக்காது. கோளாறு இல்லாவிட்டால் ஃபோன் இல்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

திருப்புளி எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். வேகமாக அடிக்கத் தெரிந்த கைக்கு ஏனோ அன்று வேகம் வரவில்லை. எதிரில் கண்காணிப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தப்பாக அடித்துப் பார்க்கலாம் என்றுகூட நினைத்தாள்; பன்னிரண்டு வருடத் தொழில், விரல் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கடைசி எழுத்தும் விழுந்தது.

"ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம்."

மூன்று நிமிடம். அவர் சளி குறைந்திருந்தது. கஷாயம் எதுவும் யாரும் போட்டுக் கொடுத்திருக்கமாட்டார்கள், தானாகவே குறைந்திருக்கும். இரண்டாவது நிமிடத்தில் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். "மேடம்..." என்றார். அவள் "சார்?" என்றாள். "ஒண்ணுமில்ல. விளக்கு எரியுதா பாருங்க" என்றார்.

எரிந்தது. தமிழ் வந்தது, ஆங்கிலம் வந்தது, எண் வந்தது. எல்லாம் கச்சிதம்.

"வேலை முடிஞ்சுதா?" என்று கத்திரி கேட்டார். "வேற ஏதாவது... கோளாறு கீளாறு?"

வழக்கமாக டக்கென்று வெட்டுகிறவர் அன்று வெட்டாமல் வைத்துக்கொண்டிருந்தார். பேச்சு எங்கே வழி மாறுகிறது என்று பார்த்து மெமோ எழுதக் காத்திருக்கிறாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. மெமோ அவளுக்கு வந்தால் பரவாயில்லை, கணவருக்கு வந்துவிட்டால்? வந்துடுங்க என்ற ஒற்றைச் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"வேற ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டாள். மூன்று நிமிடம் கழித்துத் திறந்தாள். ‘காற்று’ என்று அடித்தாள்.

காற்று வந்தது.

அழித்துவிட்டு ‘அலை’ என்று அடித்தாள். அலை வந்தது. எண் வந்தது. பாஸ்வேர்ட் ஏற்றுக்கொண்டது. கீபோர்டின் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். தமிழ் சிரித்துக்கொண்டு நின்றது. செட்டிங்ஸுக்குப் போய்த் தமிழை அவளே தூக்கிப் போட்டாள், போயிற்று. ரீஸ்டார்ட் பண்ணினாள், சமர்த்தாக வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் தடவையும் அப்படியே, மூன்றாம் தடவையும் அப்படியே. ஷிஃப்டைப் பிடித்து ஒரு நிமிடம் அழுத்தினாள். மெதுவாயிற்று, ரீஸ்டார்ட் பண்ணியதும் அதுவும் சரியாகிவிட்டது. குடித்தனம் பண்ணிய ஆறு வருடத்தில் வீட்டில் அவர் சரிசெய்த எந்தப் பொருளும் இவ்வளவு ஒழுங்காகச் சரியானதில்லை. குழாயே இரண்டு தடவை கழற்றி மாட்டிய குழாய்தான்.

ஒன்பதேகால் மணிக்குக் கடல் நிலவரம் தயாராகிவிட்டது. கண்காணிப்பாளர் உரக்க வாசித்தார்.

"காற்று மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். அலை ஒன்றரை மீட்டர். மழைக்கு வாய்ப்பில்லை. கடல் அமைதி." அவருக்குப் பரம சந்தோஷம். "ஒரு பிழை இல்ல. திருப்புளின்னா திருப்புளிதான். இவ்வளவு திறமையா இருக்கிறவரை அங்கயே இன்னும் ஆறு மாசம் வச்சுக்கலாம்."

அவள் தலை குனிந்துகொண்டாள். ஃபோன் கண்காணிப்பாளரின் மேசையில் இருந்தது. எடுத்து, கோளாறு என்று ஒரு பொய் சொன்னால் போதும். பிழையில்லாத நிலவரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது எந்த வாயால் சொல்வது? ஒன்பதரை ஆயிற்று. ஒன்பதே முக்கால் ஆயிற்று. இந்நேரம் படகு தீவில் போய் நின்றிருக்கும். அங்கே கணவர் படிவத்தை மேசைமேல் நீவி வைத்துக்கொண்டு, சட்டைப்பையில் பேனா என்று நினைத்துத் திருப்புளியை எடுத்து, மறுபடி பேனாவைத் தேடிக்கொண்டிருப்பார். உன் இஷ்டம் என்று எழுதியவர். இவள் இஷ்டம் பதவி உயர்வுதான் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். இன்னும் நூற்றெண்பது நாள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாலை நிலவரத்துக்கான காகிதத்தை எடுத்து வைத்தாள்.

பத்து அடித்து ஐந்து நிமிடத்தில் ஃபோன் மணி அடித்தது. கண்காணிப்பாளர் எடுத்துக் கேட்டார். புருவத்தை உயர்த்தினார்.

"உங்களுக்குத்தான்மா. தீவிலேருந்து."

அவள் ஓடிப்போய் வாங்கினாள். "ஹலோ?"

"அலுவல் சார்ந்த பேச்சுதான்." கத்திரியின் குரல். "கீபோர்ட் என்னாச்சு?"

"சரியாயிடுச்சு சார்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நாலு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டேன் சார். ஒரு கோளாறும் இல்ல."

அந்தப் பக்கம் பெரிய பெருமூச்சு. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு யாரையோ பக்கத்தில் வரச் சொல்வது மங்கலாகக் கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம். அந்த இரைச்சலுக்குள்ளும் அவளுக்குத் தெரிந்த மூச்சு ஒன்று நெருங்கி வந்தது.

"உங்க வீட்டுக்காரர் படிவத்தைக் கையில வச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா என் மேசைக்கு முன்னாடி நிக்கிறார். போடவும் இல்ல, வைக்கவும் இல்ல. படகு கிளம்ப இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு" என்றார் கத்திரி.

"சார்..."

"ஏம்மா, வாரம் பூரா தினமும் சாயங்காலம் நான் இங்கேருந்து கஷ்டப்பட்டு அந்தக் கீபோர்டைக் கெடுத்துக் கெடுத்து வைக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் பேச வேண்டியதைப் பேசாம, அதை நெஜமாவே ரிப்பேர் பண்ணிட்டு உக்காந்திருக்கீங்களே?"